ஆற்றில் விட்டுவந்த குண்டான்

தம்பி,

நீ சுவரில் மாட்டிவிட்டுப் போன கேமரா கெட்டுப்போகவில்லை. நான்தான் அதன் மேல் உன் நைனாவின் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து நீ போன் போட்டு, "ஒயர் லூஸா இருக்குதா பாரு, அந்தப் பொட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நானும் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். பொய் சொல்லிச் சமாளிப்பதும் ஒரு வேலையாகத்தான் இருக்கிறது, இருக்கிற வேலைக்கு மேல் அது வேறு எதற்கு? அதனால் எழுதுகிறேன். நைனாவுக்கு ஒன்றுமில்லை. கஞ்சி குடித்தார், நெற்றியில் சிராய்ப்பு காய்ந்துவிட்டது, எக்ஸ்ரேயிலும் எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இதை எழுதி முடித்ததும் துண்டை எடுத்துவிடுவேன். எழுதும்போது யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீயே அதை முடித்துவிட்டு அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறாய். நைனா கட்டிலிலிருந்து விழுந்த அன்றைக்கும் அப்படித்தான். "மீனா முக்கியம் உனுக்கு? மனுசன் தரையில கெடக்கறாரு, நீ ஆத்துல கெடக்கற" என்று கேட்டாய். அப்புறம், "இனிமே ஆத்துப் பக்கம் போவமாட்டேன்னு நைனா தலையில அடிச்சி சத்தியம் பண்ணு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கினு வந்து அவரை விழுப்புரத்துல ஹோம்ல சேத்துடுவேன், நீ எங்கூட பெங்களூர் வந்துடு" என்றாய். நான் பதில் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். சம்மதம் இல்லை. ஈரச் சேலையோடு நின்றிருந்தேன், பல் கிட்டிக்கொண்டது, அதனால்தான் பேசவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ பார்த்தது நடுவிலிருந்து. மத்தியானம் நைனாவுக்கு இட்லியைக் கரைத்து ஊட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி என் மேல் வந்தது. துடைத்து, பவுடர் போட்டு, வலது பக்கம் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு அவர் தூங்குவார். அந்த நேரத்தில் எதிர்வீட்டுச் செல்வியிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவள் வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தால் அவள் கண் எங்கள் கதவில்தான் இருக்கும், நைனா முனகினாலும் அவளுக்குக் கேட்கும். வாதம் வந்து அவர் படுத்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நீ கேட்கவில்லை. அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதென்று யாரோ சொல்ல, செல்வி மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். ரேஷன் கடையில் யார் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருக்கிறார்கள், அவளைச் சொல்லி என்ன பயன்?

போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனேன். தண்ணீரில் இறங்குகிறவள் போனை எங்கே வைத்துக்கொள்வேன்? மழை நின்று, ஆறு வற்றி, பாலத்துக்கு அந்தப் பக்கம் மடுக்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கிற நாள் இது. முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பு. தூண்டில் கம்பு பிடித்துக்கொண்டு பாலத்தடியில் உட்காருகிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அது சரிப்படாது. உட்கார்ந்து காத்துக்கிடப்பதைத்தான் வீட்டில் நாள் முழுக்கச் செய்கிறேனே. நான் கையால் தடவித்தான் பிடிப்பேன். கோரை வேரடியிலும் கல் இடுக்கிலும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து மெல்ல விட வேண்டும். மீன் கையில் படும், படும்போது ஓடாது, அசையாமல் நிற்கும். அவசரப்பட்டு இறுக்கினால்தான் ஓடும். வழவழவென்று வந்தால் ஆரால், சொரசொரவென்று வந்தால் பாம்பு, கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கெளுத்தியாக இருந்தால் அதன் முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கை கடுக்கும். நான் பிறந்த தளவானூரில் நாங்கள் எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான், இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தண்ணீருக்குள் கண்ணுக்கு வேலையில்லை, அதனால் கண்ணை மூடிக்கொள்வேன். அது எனக்குப் பிடிக்கும்.

பிடித்த மீனைப் போடுவதற்கு ஒரு குண்டான். சேலைக் கிழிசலால் இடுப்பில் கட்டியிருப்பேன், நான் நகர நகர அதுவும் தண்ணீரில் மிதந்துகொண்டே பின்னால் வரும். உனக்கு அந்தக் குண்டானைத் தெரியும், விளிம்பு நசுங்கினது. நம் பாத்திரக் கடையில் லாரியிலிருந்து இறக்கும்போதே நசுங்கி வந்தது. யாரும் வாங்கவில்லை. அனந்தபுரம் சந்தைக்குக்கூடக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, நைனா அதை என் கையில் கொடுத்து, "இந்தா, உன் மீனுங்க கேக்காது நசுங்கி இருக்குதான்னு" என்றார். கல்யாணமான புதிதில் அவர் எனக்கு வாங்கித் தந்ததெல்லாம் என்ன ஆனதோ, இது மட்டும் இத்தனை வருஷம் உழைத்தது.

செல்வி கரையில் நின்று கூப்பிட்டபோது எனக்கு முதலில் காது கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் அவள் முகம் வெளுத்துப்போய் நிற்கிறாள். "யக்கா, அண்ணன் கீழ விழுந்துட்டாரு, உன் புள்ள எனுக்கு போன் மேல போன் போடறான்" என்றாள். நீ கூப்பிட்டபோது அவள் ரேஷன் வரிசையில் நின்றிருந்தாளாம், அங்கிருந்து வீட்டுக்கு ஓடி, பார்த்துவிட்டு ஆற்றுக்கு ஓடி வந்திருக்கிறாள். நான் இடுப்பிலிருந்து குண்டானை அவிழ்த்து அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு ஏறினேன். உள்ளே இரண்டு மூன்று குறவை மீன் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கடைத்தெரு வழியாகச் சேறும் தண்ணீருமாக நான் ஓடியதை ஊரே பார்த்தது. செஞ்சிக்கோட்டை பார்க்க வந்த கூட்டம்கூட பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தது.

அவர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். உயிர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன், சொல்ல என்ன வெட்கம். மெல்லத் திருப்பிப் போட்டு, அடியில் ஒரு பழைய சேலையை நுழைத்தேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் செல்வி. "நான் சொல்றப்ப தூக்கு, முந்தாத" என்றேன். இரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் போட்டோம். அவர் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "மீனு?" என்றார். குண்டானை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னேன். அவருக்கு இப்போது நாலைந்து வார்த்தைதான் வருகிறது என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு கெட்ட வார்த்தை மட்டும் எழுத்து பிசகாமல் சுத்தமாக வருகிறது. அதைச் சொல்லித் திட்டினார். செல்வி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் நீ போனில் வந்து கத்தினாய்.

சேலையில் தூக்குவது எனக்குப் புதிதில்லை. நைனாவோடு ஆற்றில் செய்ததுதான். நீ பிறப்பதற்கு முன்னால். பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலை ஒன்றை நீளமாகப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு முனை, கீழ் ஓரத்தைக் காலால் சேற்றோடு அழுத்தியபடி கரையைப் பார்த்து நடக்க வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். சேலை தொட்டில்போல் தொங்கும், உள்ளே கெண்டையும் அயிரையும் துள்ளும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் உன் நைனாவுக்கு இது வரவே இல்லை. பாத்திரக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, ஆற்றைப் பாலத்து மேலிருந்து மட்டும் பார்த்தவர். தண்ணீருக்குப் பயம் வேறு. ஆனாலும் கடை சாத்திய பிறகு வருவார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஒரு கெண்டை பளிச்சென்று தெரிந்தால் போதும், அவருக்குப் பொறுக்காது, தன் முனையைத் தூக்கிவிடுவார். சேலை சாயும், அத்தனை மீனும் அவர் பக்கமாகவே வழிந்து போகும். ஒரு நாளா இரண்டு நாளா, ஒவ்வொரு தடவையும். "இன்னாத்துக்குயா உனுக்கு இவ்ளோ அவசரம்? நான் சொல்ற வரிக்கும் தூக்காதன்னு எத்தினி தபா சொல்றது?" என்று கத்துவேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "மீனு போனா போவுது, நீ திட்டறது நல்லா இருக்குது" என்பார். அந்த ஆளோடுதான் தம்பி நான் குடித்தனம் நடத்தினேன்.

கடைத்தெருவில் பேசத்தான் செய்தார்கள். கடைக்காரர் வீட்டு மருமகள் ஆற்றில் இறங்கிச் சேறு பூசிக்கொண்டு வருகிறாளே என்றார்கள். நைனா எந்தப் பதிலும் சொன்னதில்லை, மறுநாளும் என்னோடு வருவார், அதுதான் அவர் பதில். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம் சிநேகிதர்களோடு சைக்கிளில் பாலத்து மேல் வந்தாய். கீழே நான் இருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றைக்கும் அதற்காக இதை எழுதவில்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் பெற்றவர்கள் மேல் வெட்கம் வரும். ஆனால் இப்போதும் நீ என்னை மேலிருந்துதான் பார்க்கிறாய். சுவரில் அத்தனை உயரத்தில் அந்தக் கேமராவை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அங்கிருந்து பார்த்தால் கட்டிலும் தரையும் தெரியும், என் உச்சந்தலை தெரியும். என் முகம் தெரியாது.

முகம் தெரிந்திருந்தால் நீயே கேட்டிருப்பாய். நான் களைத்துப்போயிருக்கிறேன் தம்பி. உடம்பு வலி இல்லை, அதற்கு மாத்திரை இருக்கிறது. விடிந்தால் திருப்பிப் படுக்க வை, துடை, ஊட்டு, துவை, மறுபடி திருப்பு. அவர் தட்டைத் தட்டிவிட்டால் பொறுக்கு. அவர் அழுதால் ஏன் என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார். விழுவதற்கு முன்னால் ஒருநாள் அவர் தூங்கும்போது மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், இது நின்றுபோனால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. அவருக்குத் தேவலையா எனக்குத் தேவலையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்கு எழுதக் கூடாத விஷயம்தான். ஆனால் நீ சத்தியம் கேட்டுவிட்டாய், சத்தியம் கேட்கிறவனிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அந்த நினைப்போடு நான் ஆற்றுக்குப் போனேன். கோரை வேரில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. திரும்பி வந்து அவருக்கு மீன் முள்ளை எடுத்து எடுத்து ஊட்டினேன். அவர் என் கையை நக்கிச் சாப்பிட்டார். அந்த ஒரு பொழுதுதான் என்னை இந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் நான் அவரை என்ன செய்வேனோ, எனக்கே பயமாக இருக்கிறது.

உன் பொண்டாட்டிக்காகவும் இதையே சொல்கிறேன் என்று நினைத்துக்கொள். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. "நல்லா இருக்கேன் அத்தை" என்கிறாள், அதற்கு மேல் பேச்சில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை எங்கேயாவது போகச் சொல். எங்கே போகிறாய் என்று கேட்காதே, சீக்கிரம் வா என்று சொல்லாதே. மொட்டை மாடியில் சும்மா நிற்கிறவளாக இருந்தாலும் நிற்கட்டும். பிள்ளை அழுகிறது என்று போன் போடாதே. அழுதால் அழட்டும், நீ தூக்கி வைத்துக்கொண்டால் அடங்கிவிடும்.

போன் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை ஹோமுக்கு என்று கிளம்பி வருவாயே, தெரியாமல் செய்யக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் நைனா ஜன்னல் திட்டையே கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். தண்ணீரா, மருந்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் "போனு" என்றார். அப்புறம் சுவரில் இருக்கும் உன் கல்யாணப் போட்டோவைக் காட்டி, "புள்ள" என்றார். நல்ல இடது கையை ஜன்னலைப் பார்த்து எட்டிக் காட்டினார். போனை எடுத்துப் பார்த்தேன், வரிசையாக உன் பெயர்தான். அவர் தூக்கத்தில் உருண்டு விழவில்லை தம்பி. நீ கேமராவைத் திறந்து நான் இல்லாததைப் பார்த்துப் பதறி, போன் போட்டிருக்கிறாய். அது அவர் தலைமாட்டில் அடித்திருக்கிறது. நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. பிள்ளை கூப்பிடுகிறானே என்று அதை எடுக்கக் கையை எட்டியிருக்கிறார். போன் பேசும்போது கேமரா தெரியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. மறுபடி நீ பார்க்கும்போது அவர் கீழே கிடந்தார்.

உன் மேல் பழி போடவில்லை. பதறாத பிள்ளையைப் பெற்றிருந்தால்தான் நான் வருத்தப்பட வேண்டும். உன் நைனாவும் பொறுக்கிறவர் இல்லை, செல்வி வந்து எடுத்துத் தருவாள் என்று கிடந்திருக்கலாம், கிடக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஜாடை. இனிமேல் போனைச் செல்வி மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவேன், அவள் ரேஷனுக்குப் போனால் கதவைச் சாத்தி, ஆற்றங்கரைக்கு வந்து என்னைக் கூப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் எனக்கு ஏற்பாடு தெரியாது. சத்தியம் பண்ண மாட்டேன். அவரை ஹோமுக்கும் அனுப்ப மாட்டேன். பெங்களூருக்கும் வர மாட்டேன். நீ கத்தினாலும் இதுதான். அன்றிலிருந்து இன்றுவரை நான் ஆற்றுக்குப் போகவில்லை, நீ கேட்டதற்காக இல்லை, உன்னிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. குண்டான் அங்கேயே கிடக்கிறதா, யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா தெரியாது. நைனா தினமும் "குண்டா" என்று கேட்கிறார். புதிதாக வந்திருக்கும் வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை வா. வண்டியும் எடுத்துக்கொண்டு வா, ஆனால் பின் சீட்டில் சாய்ந்து உட்காருகிற மாதிரிப் பெரிய வண்டியாக எடு. அவரைக் கட்டிலிலிருந்து சேலையில் தூக்கி வண்டியில் வைக்க உன்னைப் போல ஓர் ஆள் வேண்டும், செல்விக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியைக் கரையில் போட்டு, அவரைத் துண்டால் கட்டி உட்கார வைக்கலாம். அவர் ஆற்றைப் பார்த்து எத்தனை நாளாகிறது. முதலில் கோரைக்குள் குண்டானைத் தேட வேண்டும். அப்புறம் உனக்கு ஆசையிருந்தால் இறங்கு, பாலத்து மேல் யார் போகிறார்கள் என்று பார்க்காதே. பீரோவில் ஒரு வாயில் சேலையை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு முனையை நீ பிடி. மீன் தெரிந்ததும் கரையிலிருந்து நைனா அந்த வார்த்தையால் கத்துவார், தூக்கச் சொல்லித்தான் கத்துவார். அவர் பேச்சைக் கேட்டு முந்தாதே. நான் சொன்ன பிறகு தூக்கு.

அம்மா